பாட்டு நமக்கு, பழிப்பெயர் அவர்களுக்கா?

நாம் குடியிருக்கும் களனிக்கு அயலிலே, பேலியகொடையில் தொடங்கும் பெருவீதி, நீர்கொழும்பு, சிலாபம் ஆகிய ஊர்களைக் கடந்து புத்தளத்தைச் சென்றடைகிறது. கொழும்பிலிருந்து ஏறக்குறைய 130 கிலோமீற்றர் தூரம். முன்னேஸ்வரத்துக்கு யாத்திரை போகும் குடும்பங்களும், சுற்றுலாப் புறப்படும் மாணவர்களும் இவ்வழியே செல்வர். பஸ் வண்டி களனி கங்கைப் பாலத்தைத் தாண்டியதும் பின்வரிசையில் ஒருவன் தகரப் பெட்டியைத் தட்டத் தொடங்குவான், மற்றொருவன் கைகொட்டுவான், பிறகு யாரும் சொல்லாமலே பைலா பிறந்துவிடும். சிலோன் மனோகர் என்று புகழ்பெற்ற ஏ. ஈ. மனோகரன் பாடிப் பரப்பிய ‘சுராங்கனி’யைப் பாடாத தமிழ்ப் பிள்ளை உண்டோ? பாட்டி முதல் பேரன் வரை ஆசனத்தில் இருந்தபடியே ஆடிவிடும் பாட்டல்லவா அது!

ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய இடங்களிலிருந்து மாணவர் சிலர் நம் இல்லத்திற் கூடிப் படிப்பதுண்டு. அண்மையிற் சுற்றுலாவொன்று போய்வந்த அவர்களுள் ஒரு மாணவன், “சேர், இந்தப் பைலா சிங்களவரின் பாட்டா, பறங்கியரின் பாட்டா?” என்று வினவினான். “இருவருக்கும் உரியதுதான், ஆனால் அதன் வேரில் ஆபிரிக்கரின் பங்கும் உண்டு. போர்த்துக்கேயர் காலத்தில் இங்கு வந்து சேர்ந்த காப்பிரிகளின் பெயரால் ‘கபிரிஞ்ஞா’ என்றோர் ஆட்டமும் பாட்டும் வழங்கின. அதிலிருந்து வளர்ந்ததே பைலா” என்றோம். அப்போது ஒரு மாணவி சிறிது தயங்கி, “காப்பிலி என்று ஏசுகிறோமே, அந்த ஆக்களின்ர பாட்டா சேர்?” என்று கேட்டாள்.

வகுப்பில் இருந்த பிள்ளைகள் சிரித்தனர். நமக்குச் சிரிப்பு வரவில்லை. பல ஆண்டுகளாக நம் மனத்தில் முள்ளாகத் தைத்துக் கிடந்த நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வந்தது.

ஒரு மாணவனின் கதை

முன்பு நாம் படிப்பித்த பாடசாலையொன்றில், ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். கறுத்த நிறம், சுருண்ட தலைமயிர். பெயர் இருக்க, எல்லோரும் அவனைக் ‘காப்பிலி’ என்றே அழைத்தனர். போர்த்துக்கேயர் வருகையைப் பற்றி நாம் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஒரு நாள், “சேர், இவன்ர பாட்டன் வந்த கப்பல் எது?” என்று ஒருவன் கேட்க, வகுப்பே கொல்லென்று நகைத்தது. அம்மாணவன் எழுந்து நின்று, “ஓம் சேர், என்ர அம்மம்மாவின்ர ஆக்கள் அந்த வழிதான். புத்தளம் பக்கம்” என்றான். அவன் குரலில் வெட்கம் இருக்கவில்லை. ஆசிரியர் இனிமேல் ஏதேனும் நல்லது சொல்லுவார் என்ற எதிர்பார்ப்பே இருந்தது. நாமோ சொல்ல ஒன்றும் அறியாதவராய்ப் புன்னகை செய்துவிட்டு, அடுத்த பந்திக்குப் போய்விட்டோம். அடுத்த தவணைக்கு அவன் வரவில்லை. வறுமையும் காரணமாக இருந்திருக்கலாம். ஆயினும் அந்தப் புன்னகையும் ஒரு காரணமன்று என்று நம் நெஞ்சு சொல்ல மறுக்கிறது.

அவனுக்கு அன்று சொல்லியிருக்க வேண்டிய சரித்திரத்தையே இன்று ஈண்டு எழுதுகின்றோம்.

இவர்கள் யார்?

‘காஃபிர்’ என்பது அறபுச் சொல். தம் சமயத்தை ஏற்காதவர் என்பது அதன் பொருள். அறபு வணிகர் கிழக்காபிரிக்கக் கரையோரத்து மக்களுக்கு இட்ட இப்பெயரைப் போர்த்துக்கேயர் தம் நாவுக்கேற்ப மாற்றி வழங்கினர். அதுவே தமிழிற் காப்பிரி, காப்பிலி என்று வந்தது. தென்னாபிரிக்காவிலே இச்சொல் மிகக் கொடிய வசையாகக் கருதப்படுகிறது. இலங்கையிலோ அம்மக்களிற் பலர் அதனைத் தம் இனப்பெயராகவே ஏற்று வழங்கி வந்துள்ளனர். ஒருவர் தம்மைக் குறிக்கச் சொல்லும் பெயரை மற்றொருவர் ஏசுவதற்கு எடுக்கும்போதுதான் அது வசையாகிறது.

1505ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயர், பின்னர் ஆபிரிக்கரை அடிமைகளாகவும் போர்வீரராகவும் கொண்டுவந்தனர். அவர்களுக்குப் பின் ஆண்ட ஒல்லாந்தரும் அவ்வாறே செய்தனர். பிரித்தானியர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஆபிரிக்கரைக் கொண்டு படைப்பிரிவு ஒன்றையே அமைத்தனர். இலங்கை ரைபிள் படையில் மலாயரோடும் பிறரோடும் இவர்களும் கடமையாற்றினர். புத்தளத்தில் நிலைகொண்டிருந்த பிரிவினர் சேவை முடிந்தபின் அப்பகுதியிலேயே குடியேறினர். அப்படை 1873இல் முற்றாகக் கலைக்கப்பட்டது. போர்வீரராய் வந்தோரின் பிள்ளைகள் உப்பளங்களிலும் பிற இடங்களிலும் கூலிக்கு உழைத்தனர். புத்தளத்தை அடுத்த சிறாம்பியடி என்னும் ஊரிலே அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கின்றனர்.

கொம்பனித்தெருவும் நாமும்

புத்தளம் வரை போகாமலே இச்சரித்திரத்தின் சுவடுகளைக் கொழும்பிற் காணலாம். நாம் கொம்பனித்தெரு என்று வழங்கும் பகுதியை ஆங்கிலத்தில் ‘அடிமைத் தீவு’ என்ற பொருள்படும் பெயரால் நெடுங்காலம் அழைத்தனர். ஒல்லாந்தர் காலத்தில் பகலெல்லாம் கோட்டையில் வேலைவாங்கப்பட்ட அடிமைகள், இரவில் அங்கே அடைக்கப்பட்டனர். சுற்றிலும் பேரை வாவியின் நீர். தப்பியோடாதபடி அந்நீரில் முதலைகள் இருந்தன என்று கதை வழங்குகிறது.

இங்கே வாசகர்கள் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். ஒல்லாந்தரிடம் அடிமைப்பட்டிருந்தோர் ஆபிரிக்கர் மட்டுமல்லர். கீழைத் தீவுகளிலிருந்தும் தென்னிந்தியக் கரையிலிருந்தும் கொண்டுவரப்பட்டோரும் அவர்களுள் இருந்தனர். தமிழகத்திற் பஞ்சம் வந்த காலங்களில் பசி தாளாது விற்கப்பட்டுக் கப்பலேறியவர்கள் நம்மவரே. மறுபுறம், யாழ்ப்பாணத்திலே அடிமைகளை உடைமையாக வைத்திருந்தோரும் நம்மவரே. 1844ஆம் ஆண்டுச் சட்டம் இந்நாட்டில் அடிமைமுறையை ஒழித்தபோது அதனால் விடுதலை பெற்றோருட் பலர் தமிழர். ஆகவே ‘அடிமை வழிவந்தவன்’ என்று பிறனொருவனைச் சுட்டும் விரல், எங்கே திரும்பும் என்பதை எண்ணிப் பார்த்தே நீட்டுதல் நன்று.

பாட்டு மட்டும் எஞ்சியது

சிறாம்பியடி மக்கள் தம் முன்னோரின் ஆபிரிக்க மொழிகளை இழந்தனர். அவற்றின் இடத்தில் போர்த்துக்கேயக் கலப்பு மொழியொன்று வீட்டுமொழியாயிற்று. இப்போது அதுவும் முதியோர் சிலரின் நாவளவில் நின்றுவிட, இளையோர் சிங்களமும் தமிழும் பேசுகின்றனர். பெரும்பாலோர் கத்தோலிக்கர். அயலாரோடு மணவுறவு பெருகியதால் உருவமும் மாறி வருகிறது. தொகையிலும் அவர்கள் மிகச் சிலரே.

ஆனால் ‘மஞ்சா’ எனப்படும் பாட்டு மட்டும் அழியவில்லை. ஓரிரு அடிகளையே திரும்பத் திரும்பப் பாடுவர். மெல்லத் தொடங்கும் தாளம் படிப்படியாக விரைவுபெற்று, உச்சத்தை எட்டும்போது பாடுவோர் எழுந்து ஆடுவர். றபானும் கஞ்சிராவைப் போன்ற சிறு பறையும் உண்டு. அவற்றோடு கரண்டி, சிரட்டை, போத்தல் ஆகியனவும் வாத்தியங்களாகும். வீட்டில் உள்ள பொருளே இசைக்கருவி. இளையோருக்குப் பாட்டின் சொற்கள் தெரியும். எல்லாச் சொற்களின் பொருளும் தெரியாது. பொருள் தெரியாத பாட்டை ஏன் பாடுகின்றனர்? தாம் யார் என்பதற்கு அவர்கள் கையிற் கிடைக்கும் ஒரே சான்று அது என்பதனாலே என்க.

இவ்வூர் மக்கள் ‘சிலோன் ஆபிரிக்க மஞ்சா’ என்னும் குழுவாகச் சேர்ந்து பொதுமேடைகளிலும் பாடி வருகின்றனர். முன்பு குடும்ப விழாக்களிற் பாடப்பட்டது, இப்போது அயலாருக்கும் கேட்கிறது. தம் பாட்டனின் பாட்டுக்கு ஊரார் கைதட்டுவதை ஒரு பிள்ளை கண்ணாரக் காணுமாயின், அது தலைநிமிர்ந்து பாடசாலைக்குப் போகும். இது சிறிய காரியமன்று.

பொம்மைகள் சொன்ன உண்மை

தன் இனத்தின் பெருமையை அறிவதற்கும், ஒரு பிள்ளை வழிதவறாமல் வளர்வதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். அமெரிக்கக் கறுப்பின மக்கள் இதற்கு விடை கண்டுள்ளனர்.

காட்டர் வூட்சன் என்பார் அடிமைகளாயிருந்த பெற்றோருக்குப் பிறந்தவர். இளமையில் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர். 1912இல் ஹாவாட் சர்வகலாசாலையிற் கலாநிதிப் பட்டம் பெற்றார். பாடப்புத்தகங்களில் தம் மக்களுக்குச் சரித்திரமே இல்லாதது போல எழுதப்பட்டிருப்பதைக் கண்டு, 1926 பெப்ரவரியில் நீக்ரோ சரித்திர வாரத்தைத் தொடங்கினார். அதுவே 1976 முதல் கறுப்பர் சரித்திர மாதமாக அந்நாட்டிற் கொண்டாடப்படுகிறது.

1940களில் கெனத் கிளாக், மேமி கிளாக் என்னும் தம்பதியர் கறுப்பினச் சிறுவர்களுக்கு முன் பொம்மைகளை வைத்தனர். நிறத்தைத் தவிர அவற்றில் வேற்றுமை இல்லை. எது நல்ல பொம்மை என்று கேட்டபோது, பெரும்பாலான பிள்ளைகள் வெள்ளைப் பொம்மையையே காட்டினர். தம் நிறத்துப் பொம்மையைக் கெட்டதென்று தள்ளிய பிள்ளைகளும் உண்டு. பாடசாலைகளில் நிறத்தால் பிள்ளைகளைப் பிரித்துவைத்தல் ஆகாது என்று 1954இல் அந்நாட்டு உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, இவர்களின் ஆராய்ச்சியும் எடுத்துக்காட்டப்பட்டது. கிளாக் தம்பதியர் ஆராய்ச்சியோடு நின்றாரல்லர். 1946இலேயே நியூயோர்க் நகரின் ஹார்லம் பகுதியிற் சிறுவர்க்கான நிலையமொன்றைத் தாபித்து, மனநலத்துக்கும் படிப்புக்கும் துணைபுரிந்தனர். இன்று அந்நாட்டு நகரங்களில் ஒரு கையால் முன்னோர் பெருமையையும் மறு கையால் இளைஞர்க்கு வேண்டிய படிப்பையும் தொழிலையும் கொடுக்கும் ஊர்ச் சங்கங்கள் பல உள்ளன.

நம் வீடுகளிலும் அந்தப் பொம்மைச் சோதனை நாள்தோறும் நடக்கின்றது. பிறந்த குழந்தையைப் பார்க்க வருவோர் முதலிற் கேட்பது நிறத்தை. பெண் பார்க்கப் போவோர் முதலிற் பேசுவதும் நிறத்தையே. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்று பழமொழி சொல்லும் நாமே, பிள்ளையின் முகத்துக்கு வெள்ளைப் பூச்சு வாங்கிவந்து கொடுக்கிறோம்.

கருநாடகத்துச் சித்தியர்

இந்தியாவிலும் ஆபிரிக்க வழித்தோன்றல்கள் உள்ளனர். சித்தியர் என்பது அவர்களின் பெயர். நம் வீட்டுச் சித்திக்கும் இதற்கும் தொடர்பில்லை. அடிமையாக விற்கப்பட்டு வந்து, அகமதுநகர் அரசையே நடத்தி, முகலாயப் படையை நெடுங்காலம் தடுத்துநின்ற மாலிக் அம்பர் எதியோப்பியாவிற் பிறந்தவர். 1626இல் இறந்தார். இவரைப் போன்றோரின் மரபை உடைய மக்கள், கருநாடகத்தின் வட கன்னட மாவட்டக் காட்டோரங்களிலும், குஜராத்திலும் பிறவிடங்களிலும் வறுமையில் வாழ்ந்து வருகின்றனர்.

1987இல் இந்திய விளையாட்டு அதிகாரசபை, சித்தியச் சிறார்களைத் தேடிப்பிடித்து ஓட்டம் முதலியவற்றிற் பயிற்றும் திட்டமொன்றைத் தொடங்கியது. ஆபிரிக்க இரத்தம் ஓடுவதால் பதக்கங்களைக் குவிப்பார்கள் என்பது அதன் எதிர்பார்ப்பு. சிலர் போட்டிகளில் வென்றனர். விளையாட்டின் மூலம் அரசாங்க உத்தியோகம் பெற்றோரும் உண்டு. ஆனால் 1993இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. விடுதிகளிலிருந்த பிள்ளைகள் பலர் ஊர்திரும்பிக் கூலிவேலைக்குப் போயினர். பின்னர் நெடுங்காலம் கழித்தே அம்முயற்சிக்கு மீண்டும் உயிர் வந்தது. பிள்ளையைப் பாராமற் பதக்கத்தைப் பார்த்துத் தொடங்கும் உதவி, பதக்கம் தாமதித்தால் நின்றுவிடும் என்பது இதனாற் பெறப்படும் பாடம்.

இதற்கு மாறான உதாரணமும் உண்டு. குஜராத்தில் கிர்க் காட்டை அடுத்த ஜாம்பூர் என்னும் சித்தியர் ஊரைச் சேர்ந்த ஹீராபாய் லோபி என்னும் அம்மையார், இளமையிலே பெற்றோரை இழந்து பாட்டியால் வளர்க்கப்பட்டவர். வானொலியைக் கேட்டே உலகறிவு பெற்றவர். தம் இனப் பெண்களைச் சங்கமாகத் திரட்டிச் சேமிக்கப் பழக்கினார். சிறுவர்க்குப் பாலர் பள்ளிகளை அமைத்தார். 2023இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. கருநாடகச் சித்தியர் 2003இற் பழங்குடிப் பட்டியலிற் சேர்க்கப்பட்டனர்; அவர்களுள் ஒருவரான சாந்தாராம் சித்தி 2020இல் அம்மாநில மேலவை உறுப்பினரானார். வெளியார் மேலிருந்து நட்ட செடி வாடியது. ஊரார் தம் கையால் நட்டது வேர்கொண்டது.

தொறன்ரோவிலிருந்து ஒரு பாடம்

இவையெல்லாம் பிறர் கதை என்று தமிழ்க் குடும்பங்கள் எண்ண வேண்டா. போரினாற் புலம்பெயர்ந்து கனடா சென்ற நம் பிள்ளைகளிற் சிலர், 1990களில் தொறன்ரோ நகரில் குழுச்சண்டைகளில் அகப்பட்டு உயிரையும் வாழ்வையும் இழந்தனர். பெற்றோர் இரண்டு மூன்று வேலை பார்த்த காலம் அது. பிள்ளைக்கோ பாடசாலையில் அந்நியன் என்ற பெயர். அந்நிலையைக் கண்டு மனம் பொறாத தமிழ் இளைஞர்களே 1998இல் கனேடியத் தமிழ் இளைஞர் மேம்பாட்டு நிலையத்தைத் தொடங்கினர். பின்னர், ஒன்ராறியோ மாகாணம் 2014இலும், கனடா நாடு 2016இலும் தை மாதத்தைத் தமிழர் மரபுத் திங்களாக ஏற்றன. கறுப்பர் சரித்திர மாதம் நடந்த அதே பாதையில் நம் மரபுத் திங்களும் நடக்கிறது. கறுப்பின மக்கள் வெட்டிய வழி நமக்கும் பயன்பட்டது என்பதை நன்றியோடு நினைத்தல் வேண்டும்.

சனிக்கிழமை தோறும் இலண்டனிலும் தொறன்ரோவிலும் தமிழ்ப் பள்ளிக்குப் பேரப்பிள்ளையை அனுப்பச் சொல்லித் தொலைபேசியில் வற்புறுத்தும் கொழும்புப் பாட்டிக்கு, மொழியை இழந்து பாட்டை மட்டும் பற்றிக்கொண்டிருக்கும் சிறாம்பியடிப் பாட்டியின் துயரம் விளங்காமற் போகுமா?

நாம் செய்யக்கூடியவை

பெருந்தொகைப் பணமோ பெரிய சபையோ இதற்கு வேண்டியதில்லை. முதலாவது, வீட்டிலும் வகுப்பிலும் ‘காப்பிலி’ என்று ஏசுவதை நிறுத்துவோம். பிள்ளை அச்சொல்லைச் சொன்னால் அதட்டுதல் போதாது; அச்சொல்லுக்குரிய மக்களின் கதையைச் சொல்லுதல் வேண்டும். இரண்டாவது, சரித்திர ஆசிரியர்கள் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரித்தானியர் என்று ஆண்டவரின் வரிசையைச் சொல்லும்போது, அவர்களின் கப்பலின் அடித்தட்டில் வந்தோரையும் சொல்லுவோம். மூன்றாவது, மஞ்சாக் குழுவினரை நம் விழாக்களுக்கு அழைப்போமாயின், வேடிக்கை காட்டுவோராக அன்றிக் கலைஞராக மதித்து, உரிய சன்மானமும் உரிய ஆசனமும் அளிப்போம். வசதி படைத்தோர் அவ்வூர்ப் பிள்ளைகளின் படிப்புக்கு உதவ விரும்பினால், என்ன வேண்டும் என்பதை முதலில் அவ்வூராரிடமே கேட்டறிதல் முறை.

கொண்டாட்டம் இல்லாத உதவி பிச்சையாகிவிடும். உதவி இல்லாத கொண்டாட்டம் வேடிக்கையாகிவிடும். இரண்டும் ஒருங்கே வருமிடத்துத்தான் ஓர் இளைஞன் எழுந்து நிற்பான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இவற்றையெல்லாம் நம் மாணவர்களுக்கு எடுத்துரைத்தோம். முதலிற் சிரித்த பிள்ளைகளே பின்பு வாயடைத்திருந்தனர். கேள்வி கேட்ட மாணவி, “அந்தப் பெடியன் இப்ப எங்க சேர்?” என்றாள். நமக்குத் தெரியவில்லை. எங்கிருந்தாலும் இன்று அவன் ஒரு குடும்பத்தின் தலைவனாக இருக்கக்கூடும். அவனுடைய பிள்ளையும் சுருண்ட தலைமயிரோடு ஏதோ ஒரு வகுப்பறையில் எழுந்து நின்று, தன் பூட்டனார் வந்த வழியைச் சொல்லக்கூடும். அன்று அங்கே நிற்கும் ஆசிரியர், நாம் செய்ததுபோற் புன்னகையோடு அடுத்த பந்திக்குப் போய்விடாமல், “இரு தம்பி, அந்தக் கதையைத்தான் இன்றைக்குப் படிக்கப் போகிறோம்” என்று புத்தகத்தை மூடிவைத்துப் பேசத் தொடங்குவாராக.